யாளியின் நெஞ்சில் நாற்பது இழை

திங்கட்கிழமை, காலை 11.20.

யாளியின் வால் காணாமல் போனது.

எட்டரை மணியிலிருந்து கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாக அகிலா வளர்த்த வால். கல்யாணப் பட்டுப்புடவையின் பேட்டில், அந்த அகலக் கரையில், ஓடவேண்டிய யாளி. திரை உறைந்தது. மேசைக்கடியில் சிபியூவின் விசிறி, மலையேறும் லாரி மாதிரி இரைந்தது. பிறகு ஒரே கறுப்பு.

"செத்தான்!" என்றான் முத்துக்குமார்.

பக்கத்து நாற்காலி டிசைனர். கொலையைச் செய்தவனும் அவனே.

"எந்தெந்த ப்ரோக்ராம் ஓடுதுன்னு லிஸ்ட்ல பாத்தேன் அகிலா. எக்ஸார்க்னு ஒருத்தன் தொண்ணூத்தெட்டு பர்சென்ட் ப்ராசஸரைத் தின்னுக்கினு இருந்தான். கொன்னுட்டேன்."

"அண்ணா, நான் சேவ் பண்ணலண்ணா! ஹேங் ஆனதுல சேவ் பட்டனே அமுங்கல!"

"ஐயய்யோ" என்றான் முத்துக்குமார். அதில் வருத்தம் இருந்தது. போதுமான அளவு இல்லை.

அவனுக்கு இங்கே பதினோரு வருட சர்வீஸ். அகிலாவுக்கு மூன்று. போன தீபாவளிக்கு அவள் போட்ட அன்னப்பட்சி முந்தியைப் பார்த்துவிட்டுச் சென்னைக் கடை ஒன்று, "யார் வரைந்தது?" என்று கேட்டது. பதினோரு வருடத்தில் முத்துக்குமாரைப் பற்றி அப்படி யாரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அல்சர்.

இந்த முறை அந்தக் கடை நிபந்தனையே போட்டிருந்தது. யாளிப் புடவையின் அட்டையில் வரைந்தவர் பெயர் அச்சாக வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டிசைன் தயாராக இருக்க வேண்டும். முடித்தால் அகிலாவின் பெயர். முடிக்காவிட்டால் யாளியும் போகும், அவள் நாற்காலியும் போகும். இதைச் சொன்னவர் முதலாளி.

முதலாளி இப்போது கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

வாசல் பலகையில் 'குமரகுரு டிசைன் சாம்ராஜ்யம்' என்று தங்க எழுத்தில் இருக்கும். பிள்ளையார்பாளையத்து மாடி ஒன்றில், நாலு கம்ப்யூட்டர், ஒரு பெரிய டிவி, ஒரு கண்ணாடி அறை, இவ்வளவுதான் சாம்ராஜ்யம். குடிமக்கள் மூன்று பேர். மூன்றாமவர் டீ போட்டுப் பெருக்கும் சம்பூர்ணம். சக்கரவர்த்தி குமரகுரு, ஐம்பத்திரண்டு வயது, விசிட்டிங் கார்டிலும் 'டிசைன் சக்கரவர்த்தி' என்றே போட்டுக்கொண்டவர்.

"வால் எங்கே?" என்றார்.

"போச்சு சார்."

குமரகுருவின் முகம் வெளுத்தது. அவருடைய சொந்த வாலே போனதுபோல் அப்படி ஒரு வெளுப்பு.

"இது சின்ன காஞ்சிபுரத்துக்காரன் வேலை. திருஞானசம்பந்தம்! சொந்தப் பெரியப்பா மகன். என் வளர்ச்சி பொறுக்காம வைரஸ் அனுப்பிக்கினு இருக்கான்!"

சம்பூர்ணம் சிபியூவின் மேல் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் நேராக்கினாள். "வைரசும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணு ஐயா. போன வாரம் அமாவாசைக்குப் பூசணிக்கா ஒடைச்சும் போவல. அகிலா மேல எவனோ கண்ணு வெச்சுக்கினே இருக்கான்."

யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

மதியம் 1.05.

வழக்கமாக வரும் சர்வீஸ்காரன் ராமராஜன் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தான். ஆகவே அன்னம்மாள் வந்தாள். நாற்பத்தொரு வயது, ஸ்கூட்டர், முதுகில் பை. ராமராஜன் கடையில் ஏசியும் ஓடும் எழுத்துப் பலகையும் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் கடையில் ஒரு மின்விசிறி. அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அவள் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக ஒரு திருகு திருகுவாள்.

குமரகுரு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஏரியாம்மா நீ?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி உங்க மாடிப்படி சார். மெஷின் எது?"

குமரகுரு மெஷினைக் காட்டுமுன் தன்னைக் காட்டினார். நாலு தலைமுறை நெசவு. கலெக்டர் கையால் கேடயம். சுவரில் ஆளுயரப் போட்டோ: தறியில் உட்கார்ந்து, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் ஏந்தி, தூரத்து எதிர்காலத்தைப் பார்க்கும் குமரகுரு.

"இன்னிக்கும் கட்டுப்பாடு மாறலம்மா. அமாவாசைன்னா தொழில் சாமான் எதையும் இந்தக் கை தொடாது. தறியாகட்டும், பென்சிலாகட்டும், மவுஸாகட்டும். மத்தவங்க வந்து வேலை செய்யலாம். அது அவங்க இஷ்டம்."

"இஷ்டம் இல்ல சார், சம்பளம் புடிப்பீங்க" என்று முத்துக்குமார் மானிட்டருக்குச் சொன்னான்.

அன்னம்மாள் போட்டோவின் அருகே போய்ப் பார்த்தாள். டீயோடு வந்த சம்பூர்ணம் தணிந்த குரலில், "அந்த நாடாக்குள்ள நூலே இல்ல பாத்தியா? எங்க வூட்ல மூணு தறி. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

விசாரணை தொடங்கியது.

"எப்ப ஆரம்பிச்சுது அகிலா?"

"யாளி வரைய ஆரம்பிச்சதிலேர்ந்துக்கா. திடீர்னு ஹேங் ஆகும். பத்து நிமிஷம், சில நேரம் முப்பது நிமிஷம். அப்புறம் தானா சரியாகிடும். டைம் எழுதி வெச்சிருக்கேன்."

கிராஃப் நோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் எட்டு வேலைநாள் கணக்கு இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. போன வியாழக்கிழமைக்கு நேராக மட்டும் ஒன்றும் இல்லை.

"வியாழன் லீவா?"

"இல்லக்கா. ஃபுல்டே வரைஞ்சேன். முத்துண்ணாவும் இருந்தாரு. அன்னிக்கு ஒருவாட்டி கூட நிக்கல."

"ஹேங் ஆனா இன்னா பண்ணுவே?"

"சாரைக் கூப்புடுவேன். ஆனா அவர் ரூம்லேர்ந்து வந்து பக்கத்துல நின்னா உடனே நல்லா ஓடும். எனக்கே அசிங்கமா இருக்கும்."

"என் கை ராசி அப்படி" என்றார் குமரகுரு, கதவுக்கருகில் நின்று. "நான் பக்கத்துல வந்தாலே மெஷின் அடங்கிடும்."

அடுத்து முத்துக்குமார்.

"அகிலா மேல உங்களுக்குக் கோவமா?"

"எனக்கா? நான் ஏன் கோவப்படணும்? கம்ப்யூட்டர்ல படம் வரைய எவன் வேணா கத்துக்கலாம். பிடிப்பு எங்க வைக்கணும்னு தெரியணும், அதான் டிசைன்."

"பிடிப்புன்னா?"

"ஜரிகை மேலால ஓடும் இல்ல, அதைப் பாவு இழை நடுநடுவுல அமுக்கிப் பிடிக்கணும். அந்தப் புள்ளிதான் பிடிப்பு. பத்து, பன்னண்டு இழைக்கு ஒண்ணு வைக்கலன்னா ஜரிகை சும்மா தொங்கும். பொண்ணு வளையல்ல மாட்டுச்சுன்னா இழுத்துக்கினே வரும். தறியில ஒரு வருஷம் உக்காந்தவன் தூக்கத்துல கூட மறக்கமாட்டான்."

"அகிலாவுக்குத் தெரியுமா?"

முத்துக்குமார் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். "தெரியும்" என்றான்.

செவ்வாய், காலை 10.15.

அன்னம்மாள் அகிலாவின் திரையைப் பார்த்தாள். பின்னணியில் குமரகுரு. நிமிடத்துக்கு ஒருமுறை அவர் மெல்லக் கரைந்து வேறொரு குமரகுருவாக மலர்ந்தார்: சால்வையோடு, கேடயத்தோடு, குத்துவிளக்கோடு. திரையின் அடியில் 'டிசைன் சக்கரவர்த்தி குமரகுரு வழங்கும்' என்ற வரி இடையறாது ஓடிக்கொண்டிருந்தது. எதை வழங்குகிறார் என்று வரி சொல்லவில்லை.

"இது எல்லா மெஷின்லயும் ஓடணும்னு சாரோட ஆர்டர்" என்றாள் அகிலா.

அன்னம்மாள் இரண்டையும் நிறுத்தினாள். ப்ராசஸர் சுமை எட்டு சதவீதம் குறைந்தது.

"சார், நீங்க எட்டு பர்சென்ட்."

"இன்னாது?"

"உங்க போட்டோ கரையறதுக்கும் பேரு ஓடறதுக்கும் எட்டு பர்சென்ட் போவுது."

"அப்ப கேஸ் முடிஞ்சுதா?"

"இல்ல சார். சுமைதான். கொலைகாரன் இல்ல."

11.02. விசிறி மறுபடி இரைந்தது. திரை உறைந்தது. பட்டியலின் தலையில் எக்ஸார்க், தொண்ணூற்றேழு சதவீதம்.

"பாத்தியா! அவனேதான்!" என்று முத்துக்குமார் பாய்ந்தான். "கொன்னுடலாமா?"

அன்னம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "திங்கக்கிழமை கொன்னீங்களே, இன்னா ஆச்சு? திரையில இருந்த அத்தனையும் அவனோட சேந்து போச்சு. ஏன்னா இவன் டிஸ்ப்ளே சர்வர். கூலிக்கு வரையறவன். எந்த ப்ரோக்ராம் இன்னா கேட்டாலும் திரையில வரைஞ்சு குடுப்பான், கேட்டா திரையைப் படமா எடுத்தும் குடுப்பான். சொந்தமா ஒரு புள்ளி வெக்கமாட்டான். வேர்த்து ஊத்தறது இவனுக்கு. வேலை ஏவுறவன் எங்கயோ நெழல்ல உக்காந்துக்கினு இருக்கான்."

"யாரு?" என்றாள் அகிலா.

அன்னம்மாள் பட்டியலைக் கீழே இறக்கினாள். ஐந்து சதவீதத்தில், நல்ல பிள்ளையாக, ஒரு பெயர். அதைப் பார்த்தாள். பிறகு அந்த மெஷினோடு இந்த நொடியில் யார் யார் தொடர்பில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரே ஒரு எண் வந்தது. தன் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

"சாரைக் கூப்புடு" என்றாள்.

அகிலா கூப்பிட்டாள். கண்ணாடிக் கதவு திறந்தது. விசிறி அடங்கியது. அந்த எண்ணும் மறைந்தது.

"கை ராசி!" என்றார் குமரகுரு.

புதன்கிழமை அன்னம்மாள் வரவில்லை. போனில் மட்டும் சம்பூர்ணத்தைக் கேட்டாள்.

"அக்கா, முதலாளி ரூமுக்கு யார் யார் போவாங்க?"

"எல்லாரும் போவாங்க. முத்து தம்பி பிரிண்ட் எடுக்கப் போவும், நான் டீ குடுக்கப் போவேன். பூட்டுக் கெட்டு ஆறு மாசம் ஆச்சு. ஏம்மா?"

"சும்மாதான்."

வியாழன், காலை 11.10.

விசிறி இரைந்தது. அகிலாவின் பின்னால் அன்னம்மாள் நின்றிருந்தாள். முத்துக்குமார் நாடார் கடைக்கு வாழைப்பழம் வாங்கப் போயிருந்தான்; அல்சருக்கு.

"அகிலா, இப்போ நான் சொல்றதைச் செய். யாளி நெஞ்சுல இருக்கற பிடிப்புப் புள்ளி எல்லாத்தையும் எடுத்துடு."

அகிலா அதிர்ந்தாள். "அக்கா! நாப்பது இழை தொங்கும்! தறி நெய்யற எங்கப்பா பாத்தா செருப்பால அடிப்பாரு!"

"அப்பா பாக்கமாட்டாரு. மெதுவாச் செய். மெஷின் தள்ளாடுது. ஆனா சேவ் பண்ணாதே."

உறைந்து உறைந்து நகர்ந்த திரையில் அகிலா, நெஞ்சு வலிக்க, யாளியின் நெஞ்சை வெறுமையாக்கினாள். ஒரே தகடாக மின்னியது. தெரியாதவர் பார்த்தால் இன்னும் அழகு என்பார்.

11.42. விசிறி அடங்கியது.

"இப்போ பழையபடி புள்ளி வெச்சுடு. நாளைக்கு நாலு மணிக்கு நானும் வரேன். உன் ஃபைலை பென் டிரைவ்ல போட்டு இடுப்புல சொருகிக்கோ. எது நடந்தாலும் வாயைத் தொறக்காதே."

வெள்ளி, மாலை 4.00.

சென்னைக் கடையின் கொள்முதல் அம்மாள் வடிவாம்பாள் சரியாக நாலுக்கு வந்தார். பருத்திப் புடவை, பெரிய கைப்பை, குறைந்த பேச்சு.

"டிசைன்?"

குமரகுரு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒரு சின்ன வருத்தம். இந்தப் பொண்ணு மேல நம்பிக்கை வெச்சேன். மெஷின் ஹேங், வால் காணோம்னு எத்தனை சாக்கு! கடைசியில கலைஞன்னு ஒருத்தன் இருக்கானே, அவன் சும்மா இருப்பானா? நானே உக்காந்து, நாலு தலைமுறை நெனச்சுக்கினு, முழு யாளியும் வரைஞ்சுட்டேன்."

அகிலா வாயைத் திறந்தாள். அன்னம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். மூடினாள். கண் மட்டும் நிறைந்தது.

பெரிய டிவியில் யாளி எழுந்தது. வால், பிடரி, நகம், பல். அடியில்: 'வடிவமைப்பு – டிசைன் சக்கரவர்த்தி குமரகுரு.'

வடிவாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் முத்துக்குமார் கீழேயிருந்து டீத்தூள் வாங்கிக்கொண்டு வந்தான். அன்னம்மாள்தான் பத்து நிமிடம் முன்பு சம்பூர்ணத்திடம் சொல்லி அனுப்பவைத்தாள். வந்தவன் யாளியைப் பார்த்தான். கண் நெஞ்சில் போய் நின்றது. போன தீபாவளியிலிருந்து காத்திருந்த சிரிப்பு அவன் வயிற்றிலிருந்து புறப்பட்டது.

"அகிலா! இன்னாமா இது கூத்து! யாளி நெஞ்சுல ஒரு பிடிப்பு கூட இல்ல! நாப்பது இழை அம்போன்னு தொங்குது! தாலி கட்டறதுக்குள்ள வளையல்ல மாட்டி யாளி கிழிஞ்சுடும்! தறிப்பக்கமே போகாதவன்தான் இப்படிப் போடுவான்! மேடம், இதை வரைஞ்சவங்க பேரையா அட்டையில போடப் போறீங்க?"

"இதை வரைஞ்சது நான் இல்லண்ணா" என்றாள் அகிலா.

முத்துக்குமார் டிவியின் அடிவரியைப் படித்தான். டீத்தூள் பொட்டலம் கையிலிருந்து நழுவியது.

வடிவாம்பாள் திரும்பினார். "நெஞ்சு ஏன் இப்படி இருக்கு?"

"அது... மாடர்ன் ஸ்டைல்" என்றார் குமரகுரு. "இத்தாலியில இப்படித்தான்."

"மேடம், ரெண்டு நிமிஷம்" என்று அன்னம்மாள் முன்னால் வந்தாள். "நான் கம்ப்யூட்டர் ரிப்பேர். அகிலா மெஷின் விட்டுவிட்டு நிக்குது, ஏன்னு பாருன்னு கூப்பிட்டவரு சார்தான். அதான் கண்டுபிடிச்சுட்டேன். சொல்லிடறேன்."

"அப்புறம் சொல்லும்மா!"

"இப்பவே சொல்லட்டும்" என்றார் வடிவாம்பாள்.

"அகிலா மெஷின்ல, வேற இடத்துலேர்ந்து அவ திரையைப் பாக்கற ப்ரோக்ராம் ஒண்ணை யாரோ போட்டு வெச்சிருக்காங்க. யாரும் பாக்காதப்போ அது தூங்கும். பாக்க ஆரம்பிச்சா, 'திரையைக் காட்டு, திரையைக் காட்டு'ன்னு டிஸ்ப்ளே சர்வரை ஓயாம நச்சரிக்கும். பழைய மெஷின். அவன் மூச்சு முட்டி நிப்பான். லிஸ்ட்ல மாட்டறது அவன். நச்சரிச்சது அஞ்சு பர்சென்ட்ல சாதுவா இருக்கும்."

"திருஞானசம்பந்தம்!" என்றார் குமரகுரு, கடைசி நம்பிக்கையோடு.

"சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் போக வேணாம் சார். பாத்த மெஷினோட நம்பர் உங்க கண்ணாடி ரூம் கம்ப்யூட்டர் நம்பர்."

"என் ரூமுக்குப் பூட்டே இல்ல! முத்துக்குமார்தான் அடிக்கடி வருவான்! அகிலான்னா அவனுக்கு வயித்தெரிச்சல்னு ஊருக்கே தெரியும்!"

"சார்!" என்றான் முத்துக்குமார்.

"வயித்தெரிச்சல் உண்மைதான்" என்றாள் அன்னம்மாள். "நானும் மொதல்ல அவரைத்தான் நெனச்சேன். ஆனா அகிலா நோட்டுல போன வியாழக்கிழமை காலியா இருந்துச்சு. முத்துக்குமார் அன்னிக்கு வேலைக்கு வந்திருக்காரு. அவர் பாக்கறவரா இருந்தா அன்னிக்கும் பாத்திருப்பாரு. செவ்வாய்க்கிழமை மெஷின் நின்னப்போ அவர் என் பக்கத்துலயே இருந்தாரு. அன்னிக்கு இன்னா நாளு சம்பூர்ணக்கா?"

"அமாவாசை" என்றாள் சம்பூர்ணம். "பூசணிக்கா ஒடைச்சோமே."

"அமாவாசைக்கு மவுஸைத் தொடாத கை இந்த ஆபீஸ்ல ஒண்ணே ஒண்ணுதான். வந்த அன்னிக்கே நான் கேக்காமலே சார் சொன்னாரு. அப்புறம் அந்தக் கை ராசி. அகிலா கூப்பிட்டதும் மெஷின் சரியாவும். ஏன்? சார் எழுந்து வர்றதுக்கு முன்னாடி, யாரும் பாத்துடக் கூடாதேன்னு தன் திரையில அந்த ப்ரோக்ராம் ஜன்னலை மூடிட்டு வருவாரு. மூடினதும் சுமை போயிடும். ராசி இல்ல சார். பயம்."

குமரகுரு சட்டையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இவ்வளவும் சொன்னாலும் நீங்க இல்லைன்னுதான் சொல்வீங்க. அதனால நேத்து பதினொண்ணு பத்துலேர்ந்து பதினொண்ணு நாப்பத்திரெண்டு வரைக்கும், அகிலா திரையில மட்டும், யாளி நெஞ்சுல பிடிப்பு இல்லாம வெச்சோம். எந்த ஃபைல்லயும் அது இல்ல. அந்த அரை மணி நேரம் அவ திரையைப் பாத்து, புள்ளிக்குப் புள்ளி காப்பியடிச்சவர்கிட்ட மட்டும்தான் இருக்கும். முத்துக்குமார் காப்பியடிச்சிருந்தா நெஞ்சைப் பாத்ததும் அவர் கத்தின கத்துல கூரையே இடிஞ்சிருக்கும். அவர் வயித்தெரிச்சலை நம்பித்தான், அகிலா வரைஞ்சதுன்னு நெனச்சுக்கினு வந்து பாக்கட்டும்னு, இன்னிக்கு டீத்தூள் வாங்க அனுப்பினேன். அடுத்தவங்க தப்பை அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிற மெஷின் இன்னும் வரல. சாருக்கு அது தப்புன்னே தெரியல. நூலில்லாத நாடாவைப் புடிச்சுப் போட்டோ எடுத்துக்கினவருக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஆளுயரக் குமரகுரு இன்னமும் தூரத்து எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிருள்ள குமரகுரு நாற்காலியில் உட்கார்ந்தார். குரலில் சக்கரவர்த்தி இல்லை.

"நாலு தலைமுறைன்னு சொன்னேனே, மூணாவது எங்கப்பா. என்னைத் தறியில உக்கார வெச்சுப் பாத்துட்டு, 'நீ கடையைப் பாத்துக்கோடா'ன்னாரு. முப்பது வருஷமா யாரோ வரைஞ்சதுக்குக் கீழ என் பேரைப் போட்டேன். ஒருத்தரும் கேக்கல. இவ வந்து மூணு வருஷம். யார் வரைஞ்சதுன்னு கேக்கறாங்க. எப்படித்தான் வரையறா, அப்படி இன்னாதான் இருக்குதுன்னு பாத்தேன். அவ்வளவுதாம்மா. என் ஆபீஸ், என் மெஷின். பாக்கக் கூடாதா? பாத்ததுக்கு ஒரு தண்டனையா?"

"பாக்கலாம் சார்" என்றாள் அன்னம்மாள். "ஆனா நீங்க பாத்ததுதான் அத்தனை சுமையும்."

வடிவாம்பாள் அகிலாவின் பக்கம் கையை நீட்டினார். அகிலா இடுப்பிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள். டிவியில் இன்னொரு யாளி எழுந்தது. முத்துக்குமார் நெஞ்சருகே போய் ஒவ்வொரு புள்ளியாக எண்ணினான். ஒன்றாவது விட்டுப்போயிருக்கும் என்ற நம்பிக்கையில் இரண்டாம் முறையும் எண்ணினான். பிறகு, "கரெக்டா இருக்குது" என்றான், கஷாயம் குடித்தவன் மாதிரி.

வடிவாம்பாள் கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"முழுப் பேர் சொல்லுமா. அட்டையில அச்சடிக்கணும்."

"அகிலா. வெறும் அகிலாவே போதும் மேடம்."

"மேடம்" என்றான் முத்துக்குமார். "தப்பைக் கண்டுபிடிச்சது நானு. ஓரமா, சின்ன எழுத்துல..."

வடிவாம்பாள் நிமிரவில்லை.

மாலை 5.10. அன்னம்மாள் அந்த ப்ரோக்ராமை நீக்கினாள். மெஷினை அரைமணி ஓடவிட்டாள். எக்ஸார்க், மூன்று சதவீதம். விசிறிச் சத்தமே இல்லை. பையை மூடிக்கொண்டு, சிபியூவின் மேல் ஆடிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அவிழ்க்கப் போனாள்.

"கை வெக்காதே" என்றாள் சம்பூர்ணம், துடைப்பத்தோடு. "நான் அன்னிக்கே கண்ணுன்னு சொன்னேன். யாராச்சும் கேட்டீங்களா?"

"அதான் கண்டுபிடிச்சாச்சே அக்கா. இனிமே எதுக்கு இது?"

சம்பூர்ணம் அடுத்த நாற்காலியைப் பார்த்தாள். முத்துக்குமார் கன்னத்தில் கைவைத்து, அகிலாவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கட்டும்" என்றாள். "முத்து தம்பி இன்னும் இங்கதானே வேலை செய்யுது."